ஒரு துவக்குக்கு உரிமமில்லை. வேலிக்கு வேலி கட்டுத்துவக்கு!

ஒட்டுசுட்டானிலே அண்மையில் நடந்த கமக்காரர் கூட்டமொன்றில் இருந்தேன். பன்றியிலே தொடங்கிப் பன்றியிலேயே முடியும் கூட்டம் அது. இடையிலே ஓர் இளைஞர் எழுந்து, அமெரிக்காவில் வாழும் தம் உறவினர் ஒருவர் ஒரே கம்பனி செய்த ஒரே வகைத் துவக்கில் இரண்டு வாங்கி வைத்திருக்கிறார் என்றார். ஒன்றுக்கும் மற்றதற்கும் பொறித்த இலக்கத்தைத் தவிர வேற்றுமையே இல்லையாம். கூட்டம் கொல்லென்று சிரித்தது. "ஒரே துவக்கு ரெண்டு எதுக்குத் தம்பி? ஒரு பண்டியை ரெண்டு தரம் கொல்லவோ?" என்று கேட்டார் ஒருவர்.

பின்வரிசையில் இருந்த முதியவர் மட்டும் சிரிக்கவில்லை. "சிரியாதேங்கோ. மண்வெட்டி ஒண்டு முறிஞ்சால் மற்றதை எடுக்கிறேல்லையோ? அவன்ரை துவக்கு பழுதானால் மற்றதை எடுப்பான். எங்களுக்குப் பழுதாகிறதுக்கும் ஒண்டில்லை" என்றார்.

அந்த முதியவரின் கடைசி வாக்கியத்துக்கு விரிவுரையே இக்கட்டுரை.

ஒரே துவக்கை இரண்டாக வாங்குவோன் பைத்தியக்காரன் அல்லன். அவனிடம் காரணங்கள் உண்டு. ஒன்று பழுதுபார்க்கப் போனால் மற்றது வீட்டில் நிற்கும். ஒன்றிலே பழகித் தேய்த்து, மற்றதைத் தேவைக்கென்று வைத்திருப்பான். எடையும் விசையும் ஒன்றாகையால் கை புதிதாகக் கற்க வேண்டியதில்லை. ஒரே தோட்டா இரண்டுக்கும் பொருந்தும். ஒன்றின் உறுப்பைக் கழற்றி மற்றதற்குப் பூட்டலாம். கம்பனி அந்த வகையைச் செய்வதை நிறுத்திவிடுமோ, நாளை சட்டம் வந்து தடுத்துவிடுமோ என்ற அச்சமும் ஒரு காரணம். "இரண்டிருந்தால் ஒன்று, ஒன்றிருந்தால் ஒன்றுமில்லை" என்பது அந்நாட்டுத் துவக்குக்காரரிடையே வழங்கும் பழமொழி. 2017 இல் பியூ ஆய்வு நிறுவனம் விசாரித்தபோது, அங்கே துவக்கு வைத்திருப்போரில் 66 விழுக்காட்டினர் ஒன்றுக்கு மேற்பட்டவற்றையும், 29 விழுக்காட்டினர் ஐந்தோ அதற்கு மேலோ வைத்திருப்பதாகச் சொன்னார்கள். நூறு மனிதருக்கு நூற்றிருபது துவக்குகள் உள்ள நாடு அது. அதன் விலையைப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் உயிரால் செலுத்துவதையும் நாம் அறிவோம்.

நம் காடுகளுக்கும் இந்த வழக்கம் புதிதன்று. 1845 இல் இலங்கைக்கு வந்த சாமுவேல் பேக்கர் என்ற வெள்ளைக்காரத் துரை, யானை வேட்டைக்குச் சுமந்து திரிந்த ஆயுதங்களின் கணக்கைத் தம் நூலில் எழுதி வைத்துள்ளார். பெரிய ஒற்றைக் குழல் றைபிள்கள் இரண்டு. அவற்றோடு ஒரே இலக்கத் துளையுள்ள இரட்டைக் குழல் றைபிள்கள் நான்கு. வாயால் மருந்திட்டுக் கெட்டித்துச் சுடும் காலம் அது. பாய்ந்து வரும் யானை, துரை மருந்திட்டு முடிக்கும்வரை நின்று பார்க்குமா? ஆகவே, வெடித்ததைக் கீழே கொடுக்க, நிரப்பியதைப் பின்னால் நிற்கும் ஏவலாள் நீட்டுவான். துளை ஒன்றானால் குண்டும் ஒன்று, தடுமாற்றம் இல்லை. இங்கிலாந்திலே பிரபுக்கள் பறவை வேட்டைக்கென்று ஒரே கைவினைஞரிடம் இணைத்துவக்குகள் செய்வித்ததும் இந்தக் கணக்கிலேதான். துரைமாருக்குப் பொழுதுபோக்கு, பொழுதுபோக்கிற்கே நான்கு!

பழைய கதையை இங்கே இழுத்ததற்குக் காரணம் உண்டு. ஒரு கருவியை நம்பி வாழ்கிறவனுக்கு மாற்றுக் கருவி வேண்டும் என்ற நியாயத்தைத் துரைக்கும் அமெரிக்கனுக்கும் ஒப்புக்கொள்ளும் உலகம், முத்தையன்கட்டுக் குளத்தின் கீழ்க் கமம் செய்பவனுக்கு முதற் கருவியையே மறுப்பது எந்த நியாயம்?

காலபோகத்தில் கதிர் பால் பிடிக்கும் நாட்களில் அந்த வயல்களுக்கு இரவிலே போய்ப் பாருங்கள். காவற்கொட்டிலில் ஒரு மனிதன், ஒரு தகரம், ஒரு சூள்விளக்கு. பன்றிக் கூட்டம் ஓரிரவில் உழுதுவிட்டுப் போகும் கால் ஏக்கர், அவன் கடைக்காரனிடம் உரத்துக்குப் பட்ட கடன். மேட்டு நிலத்துக் கச்சானோ, பகலில் குரங்குக்கு, இரவில் பன்றிக்கு, மயிலுக்கு எப்பொழுதும். 2025 மார்ச் 15 ஆம் நாள் காலை 8 மணி தொடங்கி ஐந்து நிமிடம், நாடு முழுவதும் குரங்கையும் மயிலையும் மரஅணிலையும் எண்ணுமாறு அரசாங்கம் மக்களைக் கேட்டுக்கொண்டது. எண்ணினார்கள். எண்ணப்பட்ட குரங்கு அன்று மாலையே கச்சானுக்கு வந்தது. (யானையின் கதை வேறு. அதைச் சுடும் உரிமையை எவரும் கேட்கவில்லை, நானும் கேட்கமாட்டேன். 2023 ஆம் ஆண்டில் மட்டும் இத்தீவிலே 488 யானைகளும் 180க்கு மேற்பட்ட மனிதரும் மாண்டமை யானைவேலி போடாத அரசின் கணக்கிலே எழுதப்படவேண்டியது.)

வன்னியிலே துவக்கில்லாத கமம் என்பது ஒரு காலத்தில் நினைக்கவும் முடியாதது. பன்னிரண்டாம் இலக்கச் சொட்கன் ஒன்று, அதற்கொரு உரிமப் பத்திரம், ஆண்டுக்கொருமுறை கச்சேரிக்குப் போய்ப் புதுப்பித்தல் என்று ஒழுங்காக நடந்த காரியம் அது. போர் வந்தது. சில துவக்குகள் அரசிடம் கையளிக்கப்பட்டன. சில இயக்கங்களின் கைக்குப் போயின. எஞ்சியவை இடப்பெயர்வுகளில் எங்கெங்கோ புதைந்தன. 2009 க்குப் பின் மக்கள் மீண்டு வந்தார்கள். துவக்கு மீளவில்லை. பன்றிக்கோ இடப்பெயர்வும் இல்லை, முகாமும் இல்லை. ஆளற்ற காட்டில் பெருகியது.

சட்டம் என்ன சொல்கிறது? 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச்சட்டம் இன்றும் உயிரோடிருக்கிறது. பயிர்ப் பாதுகாப்புக்கு மாவட்டச் செயலாளர் உரிமம் வழங்கலாம் என்பது புதுச் சலுகையன்று. நூறாண்டு தாண்டிய நடைமுறை. என்னிடம் வரும் கமக்காரரின் அனுபவமோ வேறு. கிராம அலுவலரின் கடிதம், காணிப் பத்திரம், பொலிஸ் அறிக்கை. அறிக்கை வந்தால் இன்னுமோர் அறிக்கை. காணிப் பத்திரமே போரில் எரிந்துபோனவன் எதைக் காட்டுவான்? "பரிசீலனையில் உள்ளது" என்ற ஒற்றை வரியை வைத்துக்கொண்டு நான்கு போகம் காத்திருந்த ஒருவரை அறிவேன்.

இதே நாட்டிலே தற்பாதுகாப்புக்கென்று துவக்குப் பெற்றோர் உண்டு. அவர்களுடைய நெல்லைப் பன்றி தின்பதில்லை. 2024 இல் பாதுகாப்பு அமைச்சு, அவ்வகைத் துவக்குகளை மீளாய்வுக்காக நவம்பர் 7 ஆம் நாளுக்குள் ஒப்படைக்கவேண்டுமென்று கேட்டது. பின்னர் தவணையும் நீட்டிக்கொடுத்தது. மீளாய்வை வரவேற்கிறோம். ஆயினும் ஒரு கேள்வி: கொடுத்த துவக்கைத் திரும்பக் கேட்கும்போது தவணை நீட்டிக்கும் பெருந்தன்மை, கொடுக்காத துவக்கைக் கமக்காரன் கேட்கும்போது எங்கே போய் ஒளிகிறது?

"வன்னியில் துவக்கா? பாதுகாப்பு என்னாவது?" என்று முகம் சுளிப்போர் உண்டு. கப்டன் வொன் ட்றிபேர்க் 1803 ஒக்டோபர் 31 இல் பண்டாரவன்னியனைத் தோற்கடித்த இடம் என்று சொல்லும் கல்லால் அறியப்பட்ட கற்சிலைமடு, ஒட்டுசுட்டானுக்கு அண்மையிலேதான் இருக்கிறது. அந்தக் கல்லை நினைத்து இன்னும் அஞ்சுகிறார்களோ என்னவோ! பதிவேட்டில் இலக்கம் எழுதிய ஒற்றைக் குழல் துவக்கை வைத்து எவனும் அரசைக் கவிழ்த்ததில்லை.

உரிமத் துவக்கை மறுத்தால் துவக்கில்லாத ஊர் உண்டாகும் என்பது கொழும்பின் எண்ணம். உண்டானது கட்டுத்துவக்கு! குழாய்த் துண்டும் கம்பியும் மருந்தும் போதும். அதற்கு இலக்கமுமில்லை, உரிமமுமில்லை. கையிலே ஒரு துவக்கு உள்ளவன் ஒரு வேலியைக் காப்பான். கட்டுத்துவக்குக்காரனோ பன்றி நுழையும் ஒவ்வொரு கடவைக்கும் ஒன்று கட்டுவான். ஒன்று, இரண்டு, ஐந்து. எல்லாம் ஒரே அச்சு. அமெரிக்கன் கடையில் வாங்கும் இரட்டைப்பிரதிக்கு வன்னியின் பதில் இதுதான்.

இங்கே அரசை மட்டும் ஏசிவிட்டு நழுவ எனக்கு மனமில்லை. கட்டுத்துவக்குக்குக் கண்ணில்லை. பன்றியின் உயரத்துக்குக் கட்டியது மனிதனின் முழங்காலுக்குச் சரியாக வரும். விறகுக்குப் போன பெண், மாடு தேடிப் போன சிறுவன், தேனெடுக்கப் போன அயலவன் ஆகியோரின் கால்கள் போயிருக்கின்றன, உயிர்களும் போயிருக்கின்றன. அப்படியொரு வழக்கில், கட்டியவனுக்காக நான் நீதிமன்றில் நின்றிருக்கிறேன். கால் இழந்தவன் அவனுடைய மைத்துனன். இருவரும் ஒரே வாங்கில் இருந்தார்கள். இருவர் வீட்டிலும் அடுப்பெரியவில்லை. என் கட்சிக்காரன் கெட்டவனல்லன். ஆனாலும் "பண்டிக்குத்தான் கட்டினான்" என்ற வாதம் சட்டத்தின் முன்னும் நிற்காது, மைத்துனனின் முகத்துக்கு முன்னும் நிற்காது.

இங்கிலாந்தில் 1825 இல் இப்படியொரு சம்பவம் நடந்தது. வழிதப்பிப் பறந்த பெட்டை மயிலொன்றைப் பிடித்துக் கொடுக்க அயல் தோட்டத்து மதிலேறிக் குதித்த இளைஞனை, பூச்செடிகளைக் காக்க அங்கே கட்டியிருந்த பொறித்துவக்கு முழங்காலில் சுட்டது. 1828 இல் நீதிமன்றம், அறிவித்தலின்றிக் கட்டிய தோட்டக்காரனே பொறுப்பாளி என்று தீர்த்தது. பேர்ட் எதிர் ஹோல்புறூக் என்ற அவ்வழக்கைச் சட்ட மாணவர் இன்றும் படிக்கின்றனர். அதற்கு முந்திய ஆண்டே, 1827 இல், பொறித்துவக்குக் கட்டுவதைப் பாராளுமன்றம் குற்றமாக்கிவிட்டது. ஏறத்தாழ இருநூறு ஆண்டு கழிந்தபின், மயிலும் முழங்காலும் மாறாமல், அதே கதை நம் வேலியோரத்தில் நடக்கிறது.

வீட்டுக்கு வீடு துவக்குக் கேட்கிறேனா? இல்லை. அமெரிக்காவின் நோய் நமக்கு வேண்டாம். துவக்குக் கைக்கு வந்தால் மானும் மரையும் இறைச்சியாகும் என்ற அச்சமும் வெறும் பேச்சன்று. நான் கேட்பது ஒவ்வொரு கமக்கார அமைப்புக்கும் ஒரே வகைச் சொட்கன் இரண்டு. ஆம், இரண்டு! ஒன்று காவலுக்கு; மற்றது முதலாவது பழுதானால் எடுக்க. ஒரே வகையாக இருந்தால் தோட்டா ஒன்று, உறுப்பு ஒன்று, பழகிய கைக்குத் தடுமாற்றமில்லை. முறைக்காவலர் பெயர் பதிவேட்டில் இருக்கட்டும். எண்ணிக் கொடுத்த தோட்டாவுக்கு எண்ணி வெற்றுக்கூடு திரும்பட்டும். போகம் முடிந்ததும் இரண்டும் பிரதேச செயலகத்தின் பூட்டுக்குள் போகட்டும்.

உரிமம் தனி மனிதனுக்கே உரியது, அமைப்புக்கு எப்படிக் கொடுப்பது என்று அதிகாரிகள் கேட்கக்கூடும். வங்கி வாயிலிலே சொட்கனுடன் நிற்கும் காவலாளியைப் பாருங்கள், ஐயன்மீர்! அந்தத் துவக்கு அவன் சொந்தமா? காவல் நிறுவனத்தினுடையதன்றோ? பணப்பெட்டிக்கு முடிந்த ஏற்பாடு நெற்குவியலுக்கு முடியாதா? கட்டளைச்சட்டத்தில் இடமில்லையெனில் திருத்துங்கள். 1996 இல் தண்டனையைக் கூட்டுவதற்குத் திருத்தியவர்களுக்கு இது மலையன்று.

இதற்கு ஈடாக நாமும் கொடுக்க வேண்டியதைக் கொடுப்போம். ஒரு தவணை குறித்து, அதற்குள் கட்டுத்துவக்கைக் கொண்டுவந்து ஒப்படைப்பவன் மீது வழக்கில்லை என்று அரசு அறிவிக்கட்டும். ஒப்படைத்த ஊருக்கே முதல் உரிமம் என்று விதிக்கட்டும். தவணைக்குப் பிறகும் கட்டுபவனுக்காக நான் நீதிமன்றில் நிற்கமாட்டேன்.

மாவட்டச் செயலாளருக்குரிய கூட்டு மனு எழுதப்பட்டுள்ளது. அடுத்த காலபோக விதைப்புக்கு முன் கையொப்பங்கள் சேரவேண்டும். போருக்கு முந்திய உரிமப் பத்திரத்தைப் பொலித்தீன் பையில் சுற்றி இடப்பெயர்வெல்லாம் காத்து வைத்திருப்போர் சிலரைக் கண்டிருக்கிறேன். அவர்கள் அதனைத் தவறாது கொண்டுவருக. கடவையிலே கட்டி வைத்திருப்போர் இன்றிரவே அதை அவிழ்த்துவிட்டு வருக.