கல்லாய்ச் சமைந்த மரம்

கட்டிலும் அடுப்பும் தண்ணீர்த் தொட்டியும் உள்ள மோட்டார் வண்டியில் குடித்தனம் செய்துகொண்டே ஊர் சுற்றும் வழக்கம் இப்போது நம் நாட்டிலும் தலைகாட்டி வருகிறது. சென்ற மாதம் நாமும் அத்தகைய வண்டியொன்றை வாடகைக்கு அமர்த்திக் குடும்ப சகிதம் கிளம்பினோம். சென்னையிலிருந்து உளுந்தூர்பேட்டை சேர்வதற்குள் வழியில் மூன்று முறை நிறுத்திக் காப்பி போட்டாகிவிட்டது! சேலம் சாலை பிரிகிற அவ்வூரிலேயே இராத் தங்கினோம்.

காலையில், "மேற்கே போனால் கல்வராயன் மலை, தெற்கே போனால் என்ன?" என்று வீட்டுச் சிறுவன் கேட்டான். "கடல்" என்றோம். அவன் சிரித்தான்.

நாம் சொன்னது பொய்யல்ல. காலத்தில்தான் சற்றுப் பிசகு. திருச்சிச் சாலையில் சென்று, பெரம்பலூரைத் தாண்டிக் கிழக்கே திரும்பினால் சாத்தனூர் வரும். இன்றைய கடற்கரைக்கும் அதற்கும் சுமார் 100 கிலோமீட்டர் தூரம். ஏறத்தாழ 10 கோடி வருஷங்களுக்கு முன்போ அப்பிரதேசத்தில் அலையடித்தது. அப்போது இமயமலை பிறக்கவில்லை. பாரத பூமி இன்னும் ஆசியாவோடு வந்து சேரவுமில்லை.

அந்நாளில் வெள்ளத்தில் அடித்துவரப்பட்ட மரமொன்று கடலடிச் சேற்றில் புதைந்தது. காற்றுப் படாததால் மக்கவில்லை. நீரில் கரைந்திருந்த மணற்சத்து மரத்தின் நுண்ணறைகளில் அணு அணுவாகப் புகுந்து, மரத்தைக் கல்லாக்கிவிட்டது. 18 மீட்டர் நீளமுள்ள அந்த அடிமரம் இன்று கம்பி வேலிக்குள்ளே படுத்திருக்கிறது.

1940-இல் இதை உலகுக்கு அறிவித்தவர் பூகர்ப்ப சாஸ்திரி எம். எஸ். கிருஷ்ணன், தஞ்சை ஜில்லாவில் பிறந்த தமிழர். 1951-இல் இந்தியப் பூகர்ப்ப ஆய்வு இலாகாவின் தலைமைப் பதவியை ஏற்ற முதல் இந்தியரும் அவரே. நமது மண்ணின் கதையை நம்மவரே படித்துச் சொன்னார் என்பதில் நமக்குப் பெருமை உண்டு.

ஆனால் பெருமை மட்டும் போதுமா? அரியலூர்ப் பக்கம் கல்லமேட்டில் கிடைத்த ஒரு பிரம்மாண்டமான பிராணியின் எலும்புகளைப் பற்றி 1987-இல் விஞ்ஞானிகள் எழுதினார்கள். அந்த எலும்புகள் இன்று இல்லை, காப்பாற்றுவதற்குள் நொறுங்கிப்போயின. சாத்தனூர் மரம் பிழைத்ததற்கு, அதை ஒருவராலும் தூக்க முடியாது என்பதும் ஒரு காரணமாயிருக்கலாம்!

இப்படி நாம் யோசித்துக்கொண்டிருக்கையில், சிறுவன் சிப்பித் தடம் பதிந்த கல்லொன்றைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். பாட்டியம்மாள் பார்த்துவிட்டாள்.

"கோயில் சொத்தை எடுக்கலாமாடா?"

"இது கோயில் இல்லையே, பாட்டி!"

"பத்துக் கோடி வருஷம் என்கிறார்களே, எந்தக் கோயிலடா அவ்வளவு பழசு?"

அவன் கல்லை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டான். நாம்தான் தலைகுனிந்தோம். சிறு வயதில் எங்கேயோ பொறுக்கிய கல்மரத் துண்டொன்று நம் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் நாற்பது வருஷமாக இருக்கிறது. திருப்பி வைத்துவிடலாம் என்றால், எடுத்த இடம் நினைவில்லை. அது எந்தக் கடலில் கிடந்தது, எந்தக் காலத்து மரம் என்று இனி எந்த சாஸ்திரியாலும் எளிதில் சொல்ல இயலாது. இப்போது அது காகிதம் பறக்காமல் வைக்கத்தான் உதவுகிறது.