பேட்டரிக்கும் வேண்டும் பராமரிப்பு

2018 நவம்பரில் கஜா புயல் மின்கம்பங்களைச் சாய்த்துப் புதுக்கோட்டை மாவட்டத்தின் பல கிராமங்களை நாட்கணக்கில் இருளில் ஆழ்த்தியதை அறிந்தவர்க்கு, முன்கூட்டியே சார்ஜ் ஏற்றிவைத்த பேட்டரியால் இயங்கும் டிரில் முதலிய கருவிகளின் பிரயோஜனத்தை விளக்க வேண்டுவதில்லை. ஆயினும், 1991இல் சந்தைக்கு வந்த லித்தியம் அயனி பேட்டரிக்கு உஷ்ணமே பரம விரோதியாதலால், வேலை முடிந்த சூட்டோடு அதைச் சார்ஜரில் செருகுவதும், சித்திரை வெயிலில் தகரக் கொட்டகைக்குள் சார்ஜ் ஏற்றுவதும் அதன் ஆயுளைக் குறைப்பன. உப்பிய பேட்டரியை உபயோகிப்பதோ தீ விபத்தை வலிய அழைப்பதாகும். 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் பழையவற்றைத் திரும்பப் பெறும் பொறுப்பை உற்பத்தியாளர்மீது சுமத்தியிருக்க, அவற்றைக் குப்பைமேட்டில் எறிவது நியாயமன்று. ஒன்றியந்தோறும் ஒரு சேகரிப்பு மையம் அமைய அதிகாரிகள் ஆவன செய்தல் அவசியம்.