மேடைக்கு வந்த லேப்டாப்

கீபோர்டு கலைஞர்கள் பலர் இப்போது மேடைக்கு அடுக்கடுக்காக வாத்தியங்களைச் சுமந்து வருவதில்லை. ஒரு கீபோர்டு, ஒரு லேப்டாப். பியானோ, ஆர்கன், வயலின் கூட்டம் எல்லாம் உள்ளே மென்பொருளாக இருக்கின்றன. ஸ்டைன்பர்க் நிறுவனம் 1996இல் கொண்டுவந்த விஎஸ்டி முறை, 1999இல் வாத்தியங்களுக்கும் விரிந்ததன் விளைவு இது.

இவற்றை ஏற்றி இயக்க ஒரு 'ஹோஸ்ட்' தேவை. ரிக்கார்டிங் மென்பொருளையே மேடைக்கும் கொண்டுவருபவர்கள் உண்டு. ஸ்டூடியோவில் பிசகினால் இன்னொரு டேக். மேடையில் கச்சேரி நின்றுவிடும். ஆப்பிளின் மெயின்ஸ்டேஜ் மலிவு, ஆனால் மேக்கில் மட்டுமே ஓடும். விண்டோஸில் பெயர் வாங்கியது கேன்டபிலே. கிக் பெர்ஃபார்மர் இரண்டிலும் ஓடும். பல மேடைகள், பல கம்ப்யூட்டர்கள் என்று அலைபவர்களுக்கு அதுதான் தோது.

தாமதத்தைப் பற்றித்தான் எல்லோரும் கவலைப்படுகிறார்கள். 44,100 ஹெர்ட்ஸில் பஃபர் 128 என்றால் சுமார் 3 மில்லி விநாடி. ஸ்பீக்கரிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி நிற்பது போலத்தான். 1,024 என்றால் 23. விரல் முந்தும், ஒலி பிந்தும். ஆனால் உண்மையான சோதனை பாட்டுக்குப் பாட்டு ஒலி மாற்றும்போதுதான். பழைய ஸ்வரம் அறுபடாமல் புதியது வர வேண்டும். ஜிகாபைட் கணக்கான சாம்பிள்களை அந்த நொடியில் டிஸ்க்கிலிருந்து எடுத்தால் வராது. முன்கூட்டியே ரேமில் ஏற்றியிருக்க வேண்டும். கேன்டபிலே, கிக் பெர்ஃபார்மர் இரண்டுக்கும் சோதனைப் பதிப்பு உண்டு. வாங்குமுன் முழுக் கச்சேரியையும் வீட்டில் வாசித்துப் பார்த்துவிடலாம், வைஃபையை அணைத்துவிட்டு.