நெடுந்தீவுக்கு ஒரு வானலை யாத்திரை

"கைக்குக் கை தொலைபேசி இருக்கின்ற காலத்தில், கம்பியும் மின்கலமும் சுமந்துகொண்டு நீங்கள் தீவுக்குப் போவது எதற்காக, சேர்?" என்று சென்ற வாரம் ஒரு தாயார் என்னை வினவினார். உட்துறைமுக வீதியிலே மாலைக் காற்று வாங்கச் சென்ற இடத்தில் நிகழ்ந்த சந்திப்பு அது. அவருடைய மகன் என் வகுப்பு மாணவன். வருகின்ற சித்திரை விடுமுறையில் என்னுடன் நெடுந்தீவுக்குப் புறப்படத் துடித்துக்கொண்டிருக்கும் நால்வருள் ஒருவன். நின்ற நிலையில் அவருக்கு நிறைவான விடை கூற என்னால் இயலவில்லை. அன்று சொல்ல முடியாததை இன்று எழுதுகின்றேன். பிள்ளைகளைத் தூரத்துக்கு அனுப்பத் தயங்கும் ஏனைய பெற்றோருக்கும் இது பயன்படக்கூடும்.

அமெச்சூர் வானொலி என்பது ஊதியத்திற்காக அன்றி, கற்கும் ஆர்வத்தினால் வானலையிற் பேசும் கலை. இதனைப் பயில்வோர் உலகின் ஏறக்குறைய எல்லா நாடுகளிலும் உளர். ஒவ்வொருவருக்கும் அரசு வழங்கிய அழைப்புக் குறி ஒன்று உண்டு. நம் நாட்டவரின் குறி நான்கு என்னும் இலக்கத்தையும் எஸ் என்னும் எழுத்தையும் முதலிற் கொண்டது. அதனைக் கேட்ட அளவில், பேசுபவர் இலங்கையர் என்பதைப் பிறேசிலில் இருப்பவரும் அறிந்துகொள்வார்.

இவர்கள் அரிய இடங்களுக்குக் கருவியோடு யாத்திரை போவதும் பழைய வழக்கமே. 1947 ஆம் ஆண்டில் பெரு நாட்டிலிருந்து பொலினீசியத் தீவுகளை நோக்கி 101 நாள் மிதந்து சென்ற கொன்-டிக்கி என்னும் கட்டுமரக் கலத்திலே அமெச்சூர் வானொலி நிலையம் ஒன்று இருந்தது. நனைந்த மரங்களின் மேல், மிகச் சிறு வலுவோடு இயங்கிய அக்கருவி பசிபிக் சமுத்திரத்தின் நடுவிலிருந்து அமெரிக்கக் கரையோடு பேசியது. அதனால் ஊக்கமுற்ற அமெரிக்கர் பொப் டெனிஸ்டன் மறு ஆண்டிலே நண்பர்களோடு பகாமாத் தீவுகளுக்குக் கருவி கொண்டு சென்று, அந்த யாத்திரைக்கு வேடிக்கையாகக் கொன்-வாக்கி என்று பெயரிட்டார். 1964 இல் ஜெவ் வாட்ஸ் என்னும் ஆங்கிலேயர் உலகத்துத் தீவுகளையெல்லாம் தொகுதி தொகுதியாக இலக்கமிட்டு, அவற்றோடு தொடர்பு கொள்வோருக்குச் சான்றிதழ் வழங்கும் திட்டத்தைத் தொடங்கினார். அத்திட்டம் இன்றும் நடைபெறுகின்றது. நமது இலங்கைக்கு அதிலே ஆசியா 003 என்னும் இலக்கம் உண்டு. இங்கே மாணவர் கவனிக்க வேண்டியது ஒன்று: ஜெவ் வாட்ஸ் புகழ் பெற்றது வானலையிற் பேசியதனால் அன்று, கேட்டதனால். அவர் ஒரு சிற்றலை நேயர்.

இனி, எமது திட்டத்துக்கு வருவோம்.

முதலாவது வினா, எப்பொழுது போவது என்பதாகும். மார்கழியில் வாடைக்காற்று, வைகாசிக்குப் பின் சோளகம். இரண்டிலும் குறிகட்டுவானுக்கும் நெடுந்தீவுக்கும் இடையே கடல் குமுறும். இடைப்பட்ட பங்குனி, சித்திரையிற் கடல் பெரும்பாலும் அமைதி கொள்ளும். சூரியன் பூமத்திய கோட்டை அடுத்து நிற்கும் அந்தக் காலமே தொலைதூர வானலைக்கும் உகந்தது. ஆகவே புத்தாண்டு கழிந்து நான்காம் நாள் என்று குறித்துக்கொண்டோம்.

இரண்டாவது வினா, எவ்வாறு போவது? மாணவருக்கோ புகையிரதத்தின் மேலேயே மோகம். படத்தை விரித்துப் பார்த்தோம். திருகோணமலையிற் புகையிரதம் ஏறி யாழ்ப்பாணம் செல்ல விரும்புபவர், முதலிலே தென்மேற்கு நோக்கிக் கல்லோயாச் சந்திக்குப் போய், மேலும் சென்று மாகோச் சந்தியில் இறங்கி, அங்கே வடபாதை வண்டிக்குக் காத்திருந்து, பின்பு அனுராதபுரம், வவுனியா என்று வடக்கே திரும்ப வேண்டும். வடக்கே போவதற்குத் தெற்கே ஓடுவது! ஆனால் ஹொரவப்பொத்தானை வழியாக வவுனியாவுக்குத் தெருப்பாதை நூறு கிலோமீற்றருக்கும் குறைவு. ஆகவே வவுனியா வரை பேருந்து, அப்பால் யாழ் தேவி எனத் தீர்மானித்தோம். மாணவர் முகம் சற்று வாடியது. எனினும் கணக்கு அதுதான்.

யாழ் தேவி 1956 இல் ஓடத் தொடங்கியது. போரினால் 1990 இல் யாழ்ப்பாணத்துக்கான சேவை அறுந்தது. தண்டவாளங்களும் கட்டைகளும் பெயர்த்தெடுக்கப்பட்டன. 2014 ஒக்டோபர் 13 ஆம் நாளிலேதான் யாழ்ப்பாண நிலையத்துக்கு மீண்டும் வண்டி வந்தது. ஒரு தலைமுறைப் பிள்ளைகள் புகையிரதத்தைப் படத்திலே மட்டும் கண்டு வளர்ந்தனர். இதனை எங்கள் மாணவர் அறிந்து அந்த வண்டியில் ஏறுவதே ஒரு பாடம் என்று கருதுகின்றேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைத் தாம்போதி, வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் பேருந்து உண்டு. அங்கிருந்து படகிலே ஏறக்குறைய ஒரு மணி நேரம். முருகைக்கல் வேலிகளும், மேய்ந்து திரியும் குதிரைகளும், பருத்த பெருக்க மரமும், பனை வரிசையும் உள்ள நெடுந்தீவில் இறங்கிவிடலாம்.

மூன்றாவது வினா, எதனைச் சுமப்பது? இங்கேதான் கணிதம் கைகொடுக்கின்றது. 100 வாற்றுக் கருவி பேசும்போது 12 வோல்ற்று மின்கலத்திலிருந்து சுமார் 20 அம்பியர் இழுக்கும். கேட்கும்போது 1 அம்பியர். பத்து நிமிடத்தில் மூன்று நிமிடம் பேசுவதாகக் கொண்டால், சராசரி 6.7 அம்பியர். பன்னிரண்டு மணி நேரத்துக்கு 80 அம்பியர்-மணி தேவை. ஈய மின்கலத்தைப் பாதிக்கு மேல் வடியவிடுதல் ஆகாது. ஆகவே 160 அம்பியர்-மணி கொண்ட மின்கலம் வேண்டும். அதன் பாரம் 40 கிலோவைத் தாண்டும். படகிலே அதனை ஏற்றுபவர் யார்?

10 வாற்றுக் கருவியோ பேசும்போது 2 அம்பியரும் கேட்கும்போது அரை அம்பியருமே கொள்ளும். அதே கணக்கின்படி பன்னிரண்டு மணிக்கு 12 அம்பியர்-மணி போதாதா? இரட்டிப்பாக 24 எடுத்தாலும் ஒரு பையன் தூக்கிச் செல்வான். வலு பத்திலொன்றாகக் குறைந்தால் குரலும் பத்திலொன்றாகிவிடும் என்று எண்ண வேண்டாம். கேட்பவரின் அளவைக் கருவியிலே ஊசி இரண்டு படிக்கும் குறைவாகவே இறங்கும். பெரும்பாலான வேளைகளில் அந்த இழப்பு தாங்கக்கூடியதே. நிலாவெளிப் பக்கத்தில் ஜேர்மன் வானொலி 1984 முதல் பல்லாண்டு நடத்திய அஞ்சல் நிலையத்தின் நெடிய கோபுரங்களைக் கண்டு வளர்ந்தவர்களுக்கு இது வியப்பாகத் தோன்றலாம். அங்கே நூற்றுக்கணக்கான கிலோவாற்று. இங்கே பத்தே வாற்று. இரண்டையும் ஏந்திச் செல்வது தலைக்கு மேலே உள்ள அதே அயன மண்டலந்தான்.

ஏரியலுக்கு இரும்புக் கோபுரம் வேண்டியதில்லை. 14 மெகாஹேட்ஸ் மீடிறனில் அலைநீளம் ஏறக்குறைய 21 மீற்றர். அதிற் பாதி, பத்து மீற்றர்ச் செப்புக்கம்பி. நடுவிலே வெட்டி இணைப்புக் கொடுத்து, இரு பனைகளுக்கிடையே நைலோன் கயிற்றாற் கட்டினால் ஏரியல் ஆயிற்று. பனைக்கு உரியவரின் அனுமதியை முதலிற் பெற வேண்டும். மரத்தில் ஆணி அறைதல் கூடாது. தொடர்புக் குறிப்பேட்டிலே உலகப் பொது நேரத்தை எழுத வேண்டும். நமது இரவு எட்டரை மணி அதிலே 15.00 ஆகும்.

இவ்வளவும் எளிது. நான்காவது வினாவே கடினமானது. அதனைத்தான் அந்தத் தாயார் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "கருவியோடு பிள்ளையைக் கண்டால் ஆராவது பிழையாக நினைக்க மாட்டினமே?"

இந்தப் பயத்தை நகைத்து ஒதுக்க எவருக்கும் உரிமை இல்லை. தொண்ணூறுகளிலே யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மின்கலங்கள் செல்லத் தடை இருந்தது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையாற் சுழற்றி, டைனமோ மின்சாரத்திலே வானொலிச் செய்தி கேட்டார்கள் மக்கள். ஒருவர் சுற்ற, பத்துப் பேர் கேட்டனர். கேட்பதற்கே அத்துணை பாடுபட்டவர்கள், பேசும் கருவி என்றதும் அஞ்சுவது இயல்பே.

ஆகையால் எங்கள் திட்டத்தின் முதல் விதி, ஒளிவு மறைவு இன்மை. இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் பரீட்சையிலே தேறி உரிமம் பெற்ற நண்பர் ஒருவர் எம்மோடு வருகின்றார். நிலையம் அவர் பொறுப்பிலேயே இயங்கும். மாணவர் கேட்பர், குறிப்பேடு எழுதுவர், கம்பி கட்டுவர். பிரதேச செயலகம், பொலிஸ் நிலையம், கடற்படை ஆகிய மூன்று இடங்களுக்கும் நாளும் இடமும் மீடிறனும் குறித்துக் கடிதம் எழுதியுள்ளோம். அமெச்சூர் வானொலியிலே மறைபொருட் சங்கேதங்களாற் பேசுவது சர்வதேச விதிப்படி தடுக்கப்பட்டது. மோர்ஸ் ஒலியும் மறைபொருள் அன்று. எவரும் கற்றுக்கொள்ளக்கூடிய அரிச்சுவடியே அது. எங்கள் பேச்சை விரும்பியவர் எவரும் கேட்கலாம். உலகம் கேட்கும்படி பேசுபவனுக்கு மறைப்பதற்கு என்ன உண்டு?

கைத்தொலைபேசி இருக்க இது எதற்கு என்ற முதற் கேள்விக்கும் விடை கூறிவிடுகின்றேன். 2004 மார்கழியில், ஹைதராபாத்திலுள்ள தேசிய அமெச்சூர் வானொலி நிறுவகத்தைச் சேர்ந்த பாரதி பிரசாத் என்னும் அம்மையார், எம்மைப் போலவே வானலை யாத்திரையாக அந்தமானுக்குக் குழுவோடு சென்றிருந்தார். 26 ஆம் நாள் ஆழிப்பேரலை எழுந்தது. தொலைபேசிகள் ஓய்ந்தன. பொழுதுபோக்குக்காகக் கட்டிய அந்த ஏரியலே போட் பிளேயரிலிருந்து பெருநிலத்துக்குச் செய்தி கூறும் வழியாயிற்று. அதே நாட்களில் நமது நாட்டில் விக்டர் குணதிலக போன்ற அமெச்சூர் அன்பர்கள் அம்பாந்தோட்டையைக் கொழும்போடு வானலையால் இணைத்தனர். கிண்ணியா, மூதூர், குச்சவெளிக் கரைகளில் அன்று உறவினரைத் தேடி அலைந்தவர்களுக்கு ஒரு சொல்லின் அருமை தெரியும். தொலைபேசிக் கோபுரத்துக்கு மின்சாரம் வேண்டும், இடைநிலையங்கள் வேண்டும். அவற்றுள் ஒன்று அறுந்தாலும் பேச்சு நின்றுவிடும். செப்புக்கம்பியும் மின்கலமும் கொண்டவனுக்கு இடையிலே வேண்டுவது வானம் ஒன்றே. ஆனால் அதனைப் பயன்படுத்தும் கை பேரிடர் நாளிலே பழக முடியாது. முன்னரே பழகியிருத்தல் வேண்டும். தீவுகளிலே வாழ்வோருக்கு இது பொழுதுபோக்கு மாத்திரம் அன்று.

அனுமதிக் கடிதம் ஒன்று இன்னும் வந்து சேரவில்லை. குறித்த நாளுக்குள் வராவிடின் என் செய்வது என்று மாணவர் கேட்டனர். பேசும் கருவியை இங்கே விட்டுவிட்டு, கேட்கும் கருவியை மாத்திரம் கொண்டு செல்வோம் என்றேன். இருவர் முணுமுணுத்தனர். ஜெவ் வாட்ஸின் கதையை எடுத்துச் சொன்னேன், முணுமுணுப்பு அடங்கியது.

நேற்று அந்தத் தாயார் மகனிடம் ஒரு துண்டுக் கடிதம் கொடுத்தனுப்பியிருந்தார். அதிலே இரண்டே வரிகள்: "பிள்ளை வரட்டும் சேர். ஆனால் அனுமதிக் கடிதத்தின் பிரதியொன்று அவனுடைய சட்டைப் பையில் இருக்க வேண்டும்."

நான்கு பிரதிகள் எடுப்பதென்று முடிவு செய்துவிட்டோம்.