குளிர் காக்கும், திருத்தாது



ஒரு பெட்டைக் கோழி அடையிலிருந்து எழும்போது பத்துப் பன்னிரண்டு குஞ்சுகளுடன் எழுகின்றது. பருந்துக்கும் கீரிக்கும் தப்பியவற்றுள் ஏறக்குறையப் பாதி சேவல்களாக இருக்கும். ஐந்தாறு திங்கள் கழிந்ததும் அவை யாவும் ஒரே காலத்தில் வளர்ந்து நிற்கின்றன. ஒன்றோடொன்று போரிடுகின்றன, தீனி மிகுதியாகின்றது, பஞ்சாரத்தில் இடம் போதவில்லை. கோடையும் நெருங்கினால் வெள்ளைக் கழிச்சல் என்னும் அச்சம் வேறு. இமயச் சாரலிலுள்ள இராணிகேத் என்னும் ஊரின் பெயரால் கால்நடை மருத்துவர் குறிப்பிடும் அந்நோய், நேற்றுவரை கூவிக்கொண்டிருந்த கூட்டத்தை இரண்டொரு நாளில் மாய்த்துவிடும். ஆகவே நான்கைந்து சேவல்களை ஒரே நாளில் அறுத்து வைத்துக்கொள்வது இல்லத்தார்க்கு அறிவுடைச் செயலாகவே தோன்றுகின்றது.

முற்காலத்தில் இதற்கு வழியில்லை. அறுத்த கோழி அன்றே அடுப்பேறியது. எஞ்சியது அண்டை வீட்டிற்குச் சென்றது. இன்று நம் இல்லங்கள் பலவற்றில் குளிர்சாதனப் பெட்டி உண்டு. ‘பிரீசர்’ என்று நாம் வழங்கும் உறைபெட்டியும் அதனுள் உண்டு. தவக்காலத்தில் வளர்ந்து முடித்த சேவலை உயிர்ப்புப் பெருவிழாவுக்கும், ஐப்பசியில் அறுத்ததைக் கிறிஸ்து பிறப்பு விழாவுக்கும் எடுத்து வைக்க இயலும். நல்லதே. ஆயினும் தாய்மார் பலர் அறுத்த கோழியை ஒரு பையில் திணித்து உள்ளே தள்ளி, கதவைச் சாத்திவிட்டால் கடமை முடிந்தது என்று எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் எத்துணைத் தவறானது என்பதையே இத்திங்கள் எண்ணிப் பார்க்க விழைகின்றோம்.

குளிர் உணவைக் காக்கும் என்னும் அறிவு பழமையானது. ஆங்கில மெய்யறிஞர் பிரான்சிஸ் பேக்கன் 1626ஆம் ஆண்டு இலண்டனுக்கு அருகிலுள்ள ஹைகேட் என்னுமிடத்தில் ஒரு கோழியை வாங்கி, குடலை நீக்கி, அதன் வயிற்றில் பனியைத் திணித்துச் சோதித்தார் என்றும், அப்போது பற்றிய குளிரே அவர் இறப்புக்குக் காரணமாயிற்று என்றும் ஜான் ஆப்ரி என்பவர் எழுதி வைத்தார். வரலாற்றாசிரியர் சிலர் இக்கதையை ஐயுறுவர். ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளுக்குப் பின் அமெரிக்கரான கிளாரன்ஸ் பேர்ட்ஸை என்பவர் கனடாவின் லாப்ரடார் பகுதியில் தங்கியிருந்தபோது, அங்கு வாழும் மக்கள் பிடித்த மீன் கடுங்குளிர்க் காற்றில் நொடிப்பொழுதில் உறைவதையும், பின்னர் சமைக்கும்போது அது புதியது போன்றே சுவைப்பதையும் கண்டார். விரைந்து உறைய வைத்தால் சிறு பனித் துகள்களே தோன்றும். மெதுவாக உறைந்தால் பெருந்துகள்கள் தோன்றித் தசையைக் கிழிக்கும். இவ்வுண்மையைக் கொண்டு அவர் தொழில் தொடங்கினார். 1930ஆம் ஆண்டு மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்பீல்டு நகரக் கடைகளில் அவருடைய உறைந்த உணவுப் பொதிகள் முதன்முதலாக விற்பனைக்கு வந்தன.

இதிலிருந்து நாம் அறிய வேண்டுவது ஒன்று. உறைகுளிர் நோய்க்கிருமிகளைக் கொல்வதில்லை, உறங்க வைக்கின்றது. கோழியிறைச்சியில் வரும் சால்மொனெல்லா என்னும் கிருமி உறைபெட்டிக்குள் திங்கள் கணக்கில் உயிரோடு காத்திருக்கும். பனி உருகியதும் மீண்டும் பெருகத் தொடங்கும். தூய்மையாக வைத்தது தூய்மையாகவே வரும். கெட்டுப்போகத் தொடங்கியதை வைத்தால் கெட்டதே வெளியே வரும். நாம் ஒப்படைத்ததையே குளிர் திருப்பித் தருகின்றது. எதனையும் திருத்தித் தருவதில்லை. எனவே உறைபெட்டியின் வேலை கதவைச் சாத்தும்போது தொடங்குவதன்று; கோழியைப் பிடிக்கும்போதே தொடங்குகின்றது.

முதலாவது, நலமுள்ள கோழியையே அறுக்க வேண்டும். கூட்டத்தில் ஒன்று தலை சாய்ந்து தூங்கி விழுகின்றது. ‘செத்துப்போகுமுன் அறுத்துவிடுவோம்’ என்று சிலர் கூறுவர். இதனை வன்மையாகக் கண்டிக்கின்றோம். நோயுற்ற பறவை உணவன்று. அதனைச் சேமித்து வைத்துப் பின்னொரு நாள் பிள்ளைகளுக்குப் படைப்பது சிக்கனமுமன்று. அறுப்பதற்கு எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரத்திற்கு முன்பே தீனியை நிறுத்திவிட வேண்டும்; தண்ணீர் மட்டும் கொடுத்துவர வேண்டும். தீன்பையும் குடலும் வெறுமையாயிருந்தால், சுத்தம் செய்யும்போது அழுக்கு கசிந்து இறைச்சியில் படாது.

இரண்டாவது, விரைந்து குளிர்விக்க வேண்டும். வெந்நீரில் முக்கி இறகு பறித்து, நெருப்பில் வாட்டி, மஞ்சள் தடவிக் கழுவுவது நம் வழக்கம். வாட்டிய சூடும், கோழியின் உடற்சூடும், நம் நாட்டு வெயிலும் ஒன்றுசேரும்போது கிருமிகள் பெருகுவதற்கு அதைவிட ஏற்ற நேரமில்லை. வெயில் 32 டிகிரி செல்சியசைத் தாண்டும் நாளில் சமைக்காத இறைச்சி ஒரு மணி நேரத்திற்கு மேல் வெளியே கிடத்தல் கூடாது. ஆதலால் குடலை நீக்கி உள்ளும் புறமும் தூய நீரால் கழுவியவுடன், பனிக்கட்டி இட்ட நீரில் கோழியை அமிழ்த்தி வைக்க வேண்டும். நான்கு மணி நேரத்திற்குள் அதன் உட்பகுதியும் 4 டிகிரிக்குக் குளிர்ந்துவிடுவது நன்று. நான்கு கோழிகளை ஒரே நாளில் அறுப்போர் நான்கையும் வரிசையாகக் கிடத்திவைத்து இறகு பறிப்பதைவிட, ஒவ்வொன்றாக முடித்துப் பனிநீரில் இடுவதே முறை.

மூன்றாவது, இறைச்சிக்கு ஓய்வு தர வேண்டும். உயிர் நீங்கிய சில நாழிகையில் தசைகள் விறைத்துக்கொள்ளும். அந்நிலையில் அப்படியே உறைய வைத்தால், பின்னர் எத்தனை விசில் வைத்தாலும் கறி இழுபடும். நாட்டுக் கோழி கடினமானது என்று நாம் குறைகூறும்போது, பல வேளைகளில் குறை கோழியினுடையதன்று, நம் அவசரத்தினுடையது. நீரை வடித்து, மூடிய பாத்திரத்தில் இட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் 12 முதல் 24 மணி நேரம் வைத்திருந்து, தசைகள் தளர்ந்த பின்னரே உறைபெட்டிக்கு அனுப்புக. கீழ்த்தட்டு என்று கூறுவதற்குக் காரணம், அதிலிருந்து சொட்டும் நீர் பாலிலோ காய்கறியிலோ விழலாகாது என்பதே.

இனிப் பொதியும் முறை. உறைபெட்டிக்குள் இறைச்சிக்குப் பகை காற்றே. அலமாரியில் இட்ட அந்துருண்டை உருகாமலே நாளடைவில் சிறுத்து மறைவதைக் கண்டிருப்பீர்கள். அவ்வாறே உறைந்த இறைச்சியிலுள்ள பனியும் நீராகாமலே ஆவியாகிப் போகின்றது. நீர் போன இடம் வெண்சாம்பல் நிறத் திட்டாகி நார்போல் உலர்கின்றது. அதனை உண்பதால் நோய் வாராது; சுவைதான் போகும். காற்றிலுள்ள ஆக்சிஜன் கோழியின் கொழுப்பைச் சிக்கு நாற்றமடையச் செய்யும். எனவே இறைச்சிக்கும் உறைக்கும் இடையே காற்று தங்காதபடி பொதிவதே இக்கலையின் உயிர்நாடி.

கறிக்கடையிலிருந்து வந்த மெல்லிய கறுப்புப் பை இதற்கு உதவாது. அது உணவைச் சேமிப்பதற்கென்று செய்யப்பட்டதன்று, காற்றையும் தடுக்காது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பைகளைத் தமிழக அரசு 2019 சனவரி முதல் நாள் தொட்டுத் தடை செய்திருப்பதையும் நினைவூட்டுகின்றோம். உணவுக்கென்றே விற்கப்படும் தடித்த பைகளை வாங்குக. காற்றை உறிஞ்சி ஒட்டும் இயந்திரம் உள்ளோர் அதனைப் பயன்படுத்தலாம். இல்லாதோர் வருந்த வேண்டா. ஒரு வாளித் தண்ணீர் போதும். கோழியின் ஈரத்தைத் துடைத்து, கால்களை உடலோடு சேர்த்துக் கட்டிப் பைக்குள் இடுக. பையின் வாயை மேலே பிடித்துக்கொண்டு மெல்ல வாளி நீருக்குள் இறக்குக. சுற்றியுள்ள நீர் அழுத்த, உள்ளிருக்கும் காற்று தானே வெளியேறும். பை தோல்போல் ஒட்டிக்கொள்ளும். வாயில் நீர் புகுமுன் முறுக்கி இறுகக் கட்டி, வெளிப்புறத்தைத் துடைத்துவிடுக. எலும்பு முனை பையைக் குத்தாதபடி அவ்விடத்தில் மடித்த தாளொன்றை வைத்தல் நலம்.

துண்டுகளாக வைப்போர் ஒரு வேளைச் சமையலுக்கு வேண்டிய அளவையே ஒரு பொதியாக்க வேண்டும். ஐந்து பேர் உண்ணும் வீட்டில் மூன்று கிலோ ஒரே கட்டியாக உறைந்துவிட்டால் என்ன செய்வது? பொதி தட்டையாயிருந்தால் விரைந்து உறையும், விரைந்து உருகும். ஈரலையும் இரைப்பையையும் தனிப் பொதியாக வைக்க வேண்டும். அவை முந்திக் கெடுபவை. ஒவ்வொரு பொதியிலும் நாளும் எடையும் எழுதி ஒட்டுதல் இன்றியமையாதது. உறைந்த பின் எல்லாப் பொதியும் ஒன்றுபோலவே தோன்றும், நினைவை நம்பலாகாது.

உறைபெட்டியும் தன் அளவறிந்தே பணி செய்யும். பூச்சியத்திற்குக் கீழ் 18 டிகிரி என்பதே நெடுநாள் சேமிப்புக்கு உரிய குளிர். ஒற்றைக் கதவுப் பெட்டியின் மேலுள்ள சிற்றறை பெரும்பாலும் அவ்வளவு குளிர்வதில்லை. அதில் வைத்ததை ஒரு வாரத்திற்குள் சமைத்துவிடுக. முகப்பில் ஒட்டியுள்ள ஐந்து நட்சத்திரச் சீட்டைக் கண்டு மயங்குவோர் உண்டு. அது மின்சாரச் சிக்கனத்தைக் குறிப்பதேயன்றிக் குளிரின் அளவைக் குறிப்பதன்று. மேலும், 100 லிட்டர் கொள்ளளவுக்கு ஒரு நாளில் 3 முதல் 5 கிலோ வரை மட்டுமே புதிதாக வைக்கலாம். மிகுதியாகத் திணித்தால் மெதுவாக உறையும். முன்பே உறைந்தவையும் இளகும். புதுப் பொதிகளை அடுக்காமல் பரப்பி வைத்து, கல்லானபின் அடுக்குக. அவ்வாறு வைத்த முழுக்கோழி ஓராண்டும், துண்டுகள் ஒன்பது திங்களும், ஈரல் முதலியன மூன்று நான்கு திங்களும் சுவை குன்றாதிருக்கும்.

மின்வெட்டைப் பற்றியும் கூறியாக வேண்டும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் அருகே கரை கடந்தபின், ஊர்கள் பல நாள்கணக்கில் இருளில் கிடந்ததை டெல்டா மாவட்டத்தார் மறந்திரார். கதவைத் திறவாதிருந்தால் நிறைந்த உறைபெட்டி ஏறக்குறைய 48 மணி நேரமும், பாதி நிறைந்தது 24 மணி நேரமும் குளிர் காக்கும். ஊருக்குச் சென்று திரும்புவோர் இடையில் மின்சாரம் நின்றதா என்று எவ்வாறு அறிவது? ஒரு கிண்ணத்தில் நீரை உறைய வைத்து, அதன்மேல் ஒரு நாணயத்தை வைத்துச் செல்க. திரும்பும்போது நாணயம் மேலேயே இருந்தால் நலம்; அடியில் கிடந்தால் யாவும் உருகி மீண்டும் உறைந்துள்ளன என்பது பொருள். அவ்விறைச்சியை எறிவதற்குத் தயங்க வேண்டா. உருகத் தொடங்கிய பொதியில் பனித்துகள் இன்னும் எஞ்சியிருந்தால் மட்டுமே மீண்டும் உறைய வைக்கலாம்.

சமைக்கும் நாளிலும் பொறுமை வேண்டும். காலையில் எடுத்து அடுப்படித் திண்ணையில் வைத்து உருக்குவது தீங்கு. உள்ளே பனி இருக்கும்போதே வெளிப்புறம் கெடத் தொடங்கும். முதல் நாளே குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டுக்கு மாற்றுக. அவசரமாயின் பையோடு குளிர்ந்த நீரில் இட்டு, அரை மணிக்கு ஒருமுறை நீரை மாற்றி, உருகியவுடன் சமைக்க. எலும்பையொட்டிய பகுதியும் நன்றாக வேக வேண்டும். உறங்கிய கிருமிகளுக்கு முடிவு கட்டுவது அடுப்பு ஒன்றே.

இத்துணை உழைப்பு ஒரு கோழிக்கு வேண்டுமா என்று கேட்பீர்கள். அதிகாலையில் பஞ்சாரத்தைத் திறந்து, நொய்யரிசி இட்டு, அந்தி சாயும்போது எண்ணிப் பார்த்து அடைத்த ஒரு தாயின் ஆறு திங்கள் பாடு அதில் இருக்கின்றது. ஓர் உயிரும் அதில் கழிந்திருக்கின்றது. கடைசி ஒரு மணி நேர அசட்டையால் அதனைக் குப்பையில் எறிவதும், பிள்ளைகளை மருத்துவமனைக்கு அனுப்புவதும் நமக்கு அழகாகுமா?

ஒரு வேண்டுகோளுடன் முடிக்கின்றோம். உறைபெட்டி வந்தபின் அண்டை வீட்டுக்குச் செல்லும் கிண்ணம் நின்றுவிட்டதாகக் கேள்விப்படுகின்றோம். நான்கு கோழிகளை அறுக்கும் நாளில் மூன்றைப் பொதிந்து வைப்பீர்களாக. நான்காவதைக் குழம்பாக்கி, கோழி வளர்க்க இயலாத ஒரு முதியவர் வீட்டிற்கும் ஒரு கிண்ணம் அனுப்பி வைப்பீர்களாக.