மேற்கோள் பரிவட்டம்

ஒரு டாக்டர் 'பெரிய' ஆராய்ச்சியாளரா இல்லையா என்பதை இப்போதெல்லாம் ஓர் எண் சொல்லிவிடுகிறது. அவர் எழுதியதை மற்றவர்கள் எத்தனை முறை மேற்கோள் காட்டினார்கள் – அவ்வளவுதான். எண் ஏறினால் பதவி, பணம், பரிசு. இறங்கினால் வாசலோடு சரி. கோயிலில் யாருக்கு முதல் பரிவட்டம் என்று முடிவுகட்டுகிற அதே புத்திதான். இங்கே தர்மகர்த்தாவுக்குப் பதில் கம்ப்யூட்டர் உட்கார்ந்திருக்கிறது. அதனால் 'பாரபட்சமே இல்லை' என்கிறார்கள்.

நான் வங்கி குமாஸ்தா. எண்களோடு பிழைப்பு நடத்துகிறவன். ஓர் எண் எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் கையெழுத்துப் போடக்கூடாது என்பது எங்கள் தொழிலின் பாலபாடம். கேட்போம்.

யூஜீன் கார்ஃபீல்ட் 1964இல் ஃபிலடெல்ஃபியாவிலிருந்து அறிவியல் மேற்கோள் அட்டவணையை வெளியிட்டார். ஒரு கட்டுரையைப் பிடித்துக்கொண்டு இன்னொன்றைத் தேட உதவும் கருவி அது. தேடுகிற கருவி நாளடைவில் தராசாகிவிட்டது. 2005இல் ஹோர்கே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் ஒரு மனிதனின் ஆயுள் உழைப்பையே ஒற்றை எண்ணாகச் சுருக்கினார். குறைந்தது 40 மேற்கோள் பெற்ற கட்டுரைகள் 40 இருந்தால் உங்கள் மதிப்பு 40.

இந்தத் தராசில் இதயத்தை வைத்துப் பார்ப்போம்.

அமெரிக்காவில் பியேரோ அன்வெர்சா. எலும்பு மஜ்ஜை செல்கள் செத்துப்போன இதயத் தசையை எலிகளில் மறுபடி வளர்க்கின்றன என்று 2001இல் அவரது குழு 'நேச்சர்' இதழில் எழுதியது. 2004இல் அதே இதழில் இரண்டு குழுக்கள் 'எங்களுக்கு அப்படி வரலையே' என்றன. மேற்கோள் நின்றதா? ஆயிரக்கணக்கில் குவிந்தது. அவர் பிறகு ஹார்வர்டோடு இணைந்த பிரிகாம் மருத்துவமனைக்குப் போனார். அந்த ஆய்வுக்கூடம் பற்றிய குற்றச்சாட்டுகளைத் தீர்க்க, 2017இல் மருத்துவமனைத் தரப்பு அரசுக்கு 1 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. 2018 அக்டோபரில், பொய்யான தரவுகள் இருப்பதாக 31 கட்டுரைகளைத் திரும்பப் பெறச் சொன்னார்கள். இதய நோயாளிகளுக்குச் செல் செலுத்திய ஒரு பரிசோதனை அதே மாதம் நிறுத்திவைக்கப்பட்டது.

மறுப்பதற்காகக் காட்டினாலும் மேற்கோள் மேற்கோள்தான். செக் திரும்பிவந்தால் நாங்கள் கணக்கிலிருந்து கழிப்போம். இவர்கள் பேரேட்டில் திரும்பிவந்த செக்கும் வரவு!

இன்னொரு இதயம். கேப் டவுனின் குரூட் ஷூர் மருத்துவமனையில் 1967 டிசம்பரில் கிறிஸ்டியன் பர்னார்ட் உலகின் முதல் மனித இதய மாற்று அறுவையைச் செய்தார். அதே 1967இல் பிறந்தவர் பொங்கானி மயோசி. நிறவெறி ஆட்சியில் வளர்ந்த கறுப்பர். 2006இல் அதே மருத்துவமனையில் மருத்துவத் துறைக்குத் தலைவரானார். கறுப்பர் ஒருவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

அவர் எதைத் தேடினார்? காசநோய் இதய உறைக்குப் பரவி, நீர் கட்டி, இதயத்தையே நெரிக்கிற நோயை. ஸ்டீராய்டு கொடுக்கலாமா கூடாதா? ஆப்பிரிக்காவின் 8 நாடுகளில் 1400 நோயாளிகளைக் கொண்டு 2014இல் அவரது குழு பதில் சொன்னது: சாவு, நெரிப்பு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் பலனில்லை, உறை இறுகுவது மட்டும் குறைகிறது, எச்.ஐ.வி. உள்ளவர்களுக்குப் புற்றுநோய் அபாயம் கூடுகிறது. கவர்ச்சியில்லாத பதில். ஆனால் படுக்கையோரம் நிற்கிற டாக்டருக்கு வேண்டிய பதில்.

அடுத்தது வாதக் காய்ச்சலால் வரும் இதயநோய். நெருக்கியடித்து வாழ்கிற வீட்டுப் பிள்ளைக்குத் தொண்டைவலி. கவனிக்க நாதியில்லை. அதுவே காய்ச்சலாகி இதய வால்வைத் தின்கிறது. ஆண்டுக்குச் சுமார் 3 லட்சம் சாவு. பணக்கார நாடுகளில் நல்ல வீடும் பென்சிலினும் வந்ததும் இது ஏறக்குறைய ஒழிந்தது; ஒழிந்ததும் அங்கே ஆராய்ச்சியும் வற்றியது. எழுத ஆளில்லாத நோய்க்கு மேற்கோள் எங்கிருந்து வரும்? இந்த நோய்க்காக மயோசியும் தோழர்களும் ஆண்டுக்கணக்கில் குரல் கொடுத்தார்கள். 2018 மே மாதம் உலக சுகாதாரப் பேரவை இதற்கெனத் தீர்மானம் போட்டது. ஜூலையில் மயோசி இறந்தார். வயது 51.

மயோசிக்கும் மேற்கோள் குறைவில்லை. அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்: அன்வெர்சாவையும் மயோசியையும் பிரித்துப் பார்க்கத் தெரியாத ஓர் எண், மருத்துவத்துக்கு என்னத்தை அளக்கிறது? பணம் இருக்கிற ஆய்வுக்கூடம் நிறைய எழுதும். தன்னைப் போன்றவர்களையே காட்டும். காட்டப்பட்டவருக்கு மேலும் பணம் வரும். ராபர்ட் மெர்ட்டன் என்ற சமூகவியலாளர் 1968லேயே இதைச் சொல்லிவிட்டார். எங்கள் பாஷையில் வட்டிக்கு வட்டி.

'எண்ணை எடுத்துட்டா சிபாரிசும் சாதியும் வந்து உக்காந்துக்குமே' என்று தோழர்கள் கேட்கலாம். நியாயமான பயம். மூடிய அறைக்குள் நாலு பேர் கூடிச் செய்த அயோக்கியத்தனங்களை நாம் மறக்கவில்லை. ஆனால் அறைக்குள் இருந்த அதிகாரத்தை எண்ணுக்குள் ஒளித்துவைத்தால் அது நியாயமாகிவிடுமா? அறையைத் திற, கட்டுரையைப் படி, காரணத்தை எழுத்தில் கொடு. 2012இன் சான்ஃபிரான்சிஸ்கோ பிரகடனமும் இதழின் மதிப்பெண்ணை வைத்து ஆளை எடைபோடாதே என்றுதான் சொன்னது.

மருத்துவம் படிக்கிற தம்பி தங்கைகளே, உங்கள் முன்னால் யாராவது இந்த எண்ணை நீட்டினால் மூன்று கேள்வி கேளுங்கள். யாருடைய நோயைப் பற்றி எழுதினார்? சொன்னது மறுபடி செய்துபார்த்தபோது நின்றதா? மூன்று நாலு வாரத்துக்கு ஒருமுறை போடவேண்டிய அந்தப் பழைய பென்சிலின் ஊசி அந்தப் பிள்ளைக்குப் போய்ச் சேர்ந்ததா?

மூன்றாவதுக்குப் பதில் இல்லையென்றால், பரிவட்டத்தை அவிழ்த்து வைக்கச் சொல்லுங்கள்.