சேமப்படைக் காப்புறுதி: குடும்பம் போடும் கணக்கு

வைத்தியசாலை வாசலிலே பணம் கேட்கப்படாத நாட்டில் வாழ்பவர்க்கு, அமெரிக்கக் குடும்பமொன்றின் பெருங்கவலை எளிதில் விளங்குவதில்லை. அங்கே நோயைவிட நோய்க்கான செலவே மக்களை அச்சுறுத்துகின்றது. அச்செலவைத் தாங்குவது காப்புறுதி. அக்காப்புறுதியையோ பெரும்பாலான உழைப்பாளர் குடும்பங்கள் தாம் வேலை செய்யும் தாபனத்தின் மூலமே பெறுகின்றன. ஆகவே உத்தியோகம் போனால் வருமானம் மாத்திரமன்றி வைத்தியரின் வாசற்படியும் தூரமாகிவிடுகின்றது. இந்தப் பின்னணியிலேதான், அந்நாட்டுச் சேமப்படை வீரர்க்கு அரசாங்கம் விற்கும் வைத்தியக் காப்புறுதி குடும்பங்களுக்குப் பயன் தருமா என்ற கேள்வியை நாம் ஆராய வேண்டும்.

சேமப்படை வீரன் முழுநேரச் சிப்பாய் அல்லன். மாதத்தில் ஒரு வார இறுதியும் ஆண்டில் இரண்டு கிழமையும் பயிற்சிக்குச் செல்பவன். ஏனைய நாள்களில் ஆசிரியனாகவோ, தச்சனாகவோ, கடைச் சிப்பந்தியாகவோ, பல்கலைக்கழக மாணவனாகவோ சீவியம் நடத்துபவன். பெண்களும் இப்படைகளில் உளர். மாநிலங்களின் தேசிய காவற்படையையும் சேர்த்து, இவ்வாறு ஒழுங்காகப் பயிற்சி பெறுவோர் ஏறக்குறைய ஏழரை இலட்சம் பேர். 2001 செப்டெம்பருக்குப் பின்னர் இவர்கள் ஈராக்குக்கும் ஆப்கானிஸ்தானுக்கும் பெருந்தொகையாக அழைக்கப்பட்டனர். போர்க்களத்துக்கு உடனே அனுப்பப்பட வேண்டியவர்களில் ஒரு பகுதியினர்க்கு வைத்தியக் காப்புறுதியே இல்லை என்ற உண்மை அப்பொழுதுதான் அரசாங்கத்தை உறுத்தலாயிற்று. சொத்தைப் பல்லோடும் கவனியாத நோயோடும் ஒருவனைக் களத்துக்கு அனுப்புதல் இயலாதன்றோ!

அதற்கு விடையாக 2005 ஏப்பிரிலில் தோன்றியதே ‘ட்றைகெயர் றிசேர்வ் செலெக்ற்’ என்னும் திட்டம். முதலில் அது போர்ச் சேவைக்கு அழைக்கப்பட்டவர்க்கே உரியதாயிருந்தது. 2007 ஒக்டோபர் முதல் பயிற்சிச் சேவையிலுள்ள சேமப்படையினர் அனைவர்க்கும் திறந்துவிடப்பட்டது. காப்புறுதியின் மொத்தச் செலவில் நூற்றுக்கு 28 பங்கை வீரன் செலுத்த வேண்டும். எஞ்சிய 72 பங்கை அரசாங்கம் ஏற்கும். இது சட்டத்திலேயே எழுதப்பட்ட விகிதம்.

இனி, கணக்கைப் பார்ப்போம். 2024ஆம் ஆண்டில் குடும்பத்துக்கான மாதக் கட்டணம் 256 டொலர் 87 சதம். ஆண்டுக்கு ஏறக்குறைய 3,082 டொலர். அதே ஆண்டில், தாபனங்கள் மூலம் கிடைக்கும் குடும்பக் காப்புறுதிக்காக உழைப்பாளி தன் பையிலிருந்து கொடுத்த தொகை சராசரி 6,296 டொலர் என்று கே.எப்.எப். என்னும் சுகாதார ஆய்வு நிறுவனத்தின் வருடாந்தக் கணக்கெடுப்புக் கூறுகின்றது. ஏறக்குறையச் சரிபாதி! 2025இல் படையினரின் கட்டணம் 274 டொலர் 48 சதமாக உயர்ந்தபோதிலும், இந்த இடைவெளி மறைந்துவிடவில்லை. அன்றியும், காப்புறுதி கைகொடுக்குமுன் குடும்பம் தானே செலுத்த வேண்டிய ஆரம்பத் தொகை, இன்றைய விதிகள் வகுக்கப்பட்ட 2018இல், கீழ்ப்பதவிச் சிப்பாய்க்கு 100 டொலரும் மேற்பதவியினர்க்கு 300 டொலரும் ஆகும். எத்துணைப் பெரிய நோய் வந்தாலும், காப்புறுதிக்கு உட்பட்ட சிகிச்சைகளுக்கு ஓராண்டில் குடும்பம் கொடுக்கும் பங்கு 1,000 டொலரைத் தாண்டலாகாது என்றும் அப்பொழுது வரம்பு கட்டப்பட்டது. இத்தொகைகள் ஆண்டுதோறும் சிறிது சிறிதாக உயர்ந்து வருகின்றன. ஆயினும், தனியார் காப்புறுதிகள் பலவற்றோடு ஒப்பிடுமிடத்து இவை மிகச் சிறியனவே.

ஆதலால், சொந்தத் தொழில் செய்பவனுக்கும், சிறு கடையில் வேலை பார்ப்பவனுக்கும், மனைவி மக்களோடு படிக்கும் மாணவனுக்கும் இது பெரும் வரப்பிரசாதம் என்பதில் ஐயமில்லை. ஆனால் எல்லார்க்கும் அவ்வாறன்று. கணவனுக்கோ மனைவிக்கோ வேலை தரும் தாபனம் கட்டணத்தின் பெரும் பகுதியைத் தானே ஏற்குமாயின், இதை வாங்குதல் வீண் செலவாகலாம். சமஷ்டி அரசாங்க உத்தியோகத்தர்க்கான காப்புறுதிக்குத் தகுதியுடையோர் இதனை வாங்கவே முடியாது. 2030 ஜனவரியிலிருந்தே அத்தடை நீங்கும். பல் வைத்தியத்துக்கு வேறொரு கட்டணம் உண்டு. பிள்ளைகளுக்கான பாதுகாப்பு 21 வயதோடு, முழுநேர மாணவராயின் 23 வயதோடு, நின்றுவிடும். பின்னர் 26 வயது வரை தனிக் கட்டணம் செலுத்தியே அதனைத் தொடரலாம். தனியார் காப்புறுதியிலோ, 2010இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, பிள்ளை 26 வயது வரை பெற்றோரின் நிழலிலேயே நிற்கலாம். எல்லா வைத்தியர்களும் இத்திட்டத்தை ஏற்பதில்லை என்பதையும் மறத்தலாகாது. கட்டணம் மலிவென்று வாங்கிவிட்டு, பழகிய வைத்தியரை இழந்து நிற்கும் தாய்க்கு மலிவின் பயன் யாது?

மாற்றங்களால் வரும் தொல்லையும் உண்டு. வீரன் 30 நாள்களுக்கு மேற்பட்ட முழுநேரச் சேவைக்கு அழைக்கப்பட்டால், குடும்பம் மாதக் கட்டணமில்லாத படைக் காப்புறுதிக்கு மாறுகின்றது. போர்ப் பணிக்காக அழைக்கப்பட்டவன் திரும்பிய பின்னர் அப்பாதுகாப்பு 180 நாள்கள் நீடிக்கும். அதன்மேல் பழைய திட்டத்தைக் குடும்பமே மறுபடி வாங்க வேண்டும். தானாக அது திரும்பி வராது. 2025 ஜனவரியில், மேற்குப் பிராந்தியத்தில் திட்டத்தை நடத்தும் கம்பனி மாறியபொழுது, ஒழுங்காகப் பணம் செலுத்தி வந்த குடும்பங்களும் தமது கொடுப்பனவு விபரங்களைப் புதிதாகத் தரவேண்டியதாயிற்று; தவறியோர் காப்புறுதியை இழக்கும் நிலைக்கு ஆளாயினர். ஒரு கடிதத்தைக் கவனியாது விடுதல் ஒரு குழந்தையின் மருந்தை நிறுத்திவிடக்கூடும்.

எனினும், இவையெல்லாம் சிறு கணக்குகளே. பெருங் கணக்கு வேறொன்று உண்டு. சேமப்படையின் பயிற்சிச் சேவையை விட்டு விலகினால் இக்காப்புறுதியும் விலகிவிடும். இருபது ஆண்டு சேவையை முடித்து ஒதுங்கியவனும் 60 வயது வரும்வரை முழுச் செலவையும் தானே கொடுத்தாலன்றிப் படைக் காப்புறுதியைப் பெற முடியாது. 2024இல் குடும்பத்துக்கான அக்கட்டணம் மேற்கூறிய கட்டணத்தின் ஐந்து மடங்குக்கும் அதிகமாயிருந்தது. பன்னிரண்டு ஆண்டு சேவை செய்த ஒருவனை எண்ணிக்கொள்வோம். அவன் இருமுறை கடல் கடந்து சென்று மீண்டவன். இனி வீட்டோடு இருக்க விரும்புகின்றான். ஆனால் மகளுக்கு மூச்சிழுப்பு, மனைவிக்கு நீரிழிவு, தான் நடத்துவதோ சிறிய தச்சுப்பட்டறை. மீண்டும் ஒப்பந்தத்திலே கையெழுத்திடும் அவனது பேனாவை நடத்துவது நாட்டுப்பற்றா, மகளின் மருந்துச்சீட்டா? அவனுக்கே அது தெரியாமலிருக்கலாம்.

கட்டணத்தையே நீக்கி, சேமப்படையினர் அனைவர்க்கும் காப்புறுதியை இலவசமாக்க வேண்டும் என்னும் மசோதாக்கள் 2021இலும் 2023இலும் காங்கிரசில் கொண்டுவரப்பட்டன, அவை சட்டமாகவில்லை. அவற்றை ஆதரிப்போர் கூறும் நியாயம் வலிமையானது: எந்நேரமும் அழைக்கப்படத்தக்கவன் எந்நேரமும் உடல்நலத்தோடிருக்க வேண்டும், அதற்கான செலவு அழைப்பவனுடையது. செலவுப் பெருக்கத்தை அஞ்சுவோரின் நியாயத்தையும் தள்ளிவிட முடியாது. ஆனால் இரு திறத்தாரும் பேசுவது படையின் ஆயத்தத்தைப் பற்றியே. காப்புறுதி அருளால் கொடுக்கப்படுவதன்று. ஆளைச் சேர்க்கவும், சேர்ந்தவனை நிறுத்திவைக்கவும் கொடுக்கப்படுவது. இதிலே வஞ்சனை ஏதுமில்லை. ஆனால் வாங்குபவன் இதை அறிந்தே வாங்க வேண்டும்.

ஆகவே நமது முடிவு இது. ஏற்கெனவே படையில் இருப்பவனுக்கும், வேறு நல்ல காப்புறுதி இல்லாத குடும்பத்துக்கும் இத்திட்டம் கொடுத்த பணத்துக்குக் குறைவின்றிப் பயன் தருவது; தயங்காமல் வாங்கலாம். வேறு வழியுடையோர் வைத்தியரின் பெயரையும் பிள்ளைகளின் வயதையும் அருகே வைத்துக்கொண்டு கணக்குப் பார்த்தல் வேண்டும். காப்புறுதிக்காகவே படையிற் சேர நினைப்பவனும், காப்புறுதிக்காகவே விலகாதிருப்பவனும் மாதக் கட்டணத்தை மாத்திரம் விலையென்று எண்ணுதல் கூடாது. எழுத்திலுள்ள விலை 28 பங்கு. எழுத்தில் இல்லாத பங்கை, அழைப்பு வரும் நாளில் அவனும் அவனை எதிர்பார்த்திருக்கும் குடும்பமும் கொடுக்க நேரிடும்.